அட்சதை விழும் பத்து நொடி: எக்ஸ்போர்ட் ப்ரீசெட்டை எதை வைத்துச் சோதிப்பது

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் பெரிய முகூர்த்த நாளென்றால் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடப்பது உண்டு. கோயிலில் தாலி கட்டிவிட்டு, கடலூரிலோ புதுச்சேரியிலோ மண்டபம் பிடித்து வரவேற்பு வைக்கும் குடும்பங்கள் ஏராளம். அத்தனையும் சில வாரங்களில் எடிட்டிங் மேசைக்கு வந்து குவியும். உள்ளே வருவது ஒரு கல்யாணம். வெளியே போவது ஐந்து கோப்புகள். வீட்டு டிவிக்குப் பென்டிரைவ், யூடியூபுக்கு முழு வீடியோ, இன்ஸ்டாகிராமுக்கு ரீல்ஸ், உறவினர்களுக்கு வாட்ஸ்அப், வரவேற்பு மேடையின் எல்இடி திரைக்கு முன்கூட்டியே ஒரு ப்ரீ-வெட்டிங் படம்.

ஒவ்வொரு முறையும், எடிட் செய்த வீடியோவைக் கோப்பாக வெளியேற்றும் எக்ஸ்போர்ட் பக்கத்தைத் திறந்து எண்களை ஞாபகத்திலிருந்து அடிக்கிறவர் என்றாவது ஒருநாள் நொடிக்கு 25 ஃப்ரேம் என்பதற்குப் பதில் 30 என்று அடித்துவிடுவார். மூன்று மணி நேரம் ரெண்டர் (வீடியோவைக் கோப்பாக்கும் வேலை) ஓடிய பிறகுதான் தெரியும். ஒருமுறை அமைத்த எக்ஸ்போர்ட் எண்களைப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் ப்ரீசெட் இதற்குத்தான். ஆனால் ப்ரீசெட் சேமித்து வைப்பது ஒரு தவறையும்தான். தவறான எண் ஒன்று உள்ளே போய்விட்டால் அந்த சீசனின் எல்லாக் கல்யாணத்திலும் அது இருக்கும். ஆகவே எப்படிச் சேமிப்பது என்பதைவிட, எதற்காக, எதை வைத்துச் சோதித்துச் சேமிப்பது என்பதே முக்கியம்.

பெயர் சேருமிடத்தின் பெயர்

பலருடைய பட்டியலில் ‘ஹெச்.264 ஹை’, ‘நியூ 2’, ‘ஃபைனல் செட்டிங்’ என்றுதான் ப்ரீசெட்டுகள் கிடக்கின்றன. ஆறு மாதம் கழித்து ‘நியூ 2’ எதற்கு என்று வைத்தவருக்கே தெரியாது. கோப்பு எங்கே போய்ச் சேருகிறதோ அதையே பெயராக வையுங்கள்: ‘டிவி பென்டிரைவ் 1080 25’, ‘யூடியூப் 4கே 25’, ‘எல்இடி 1024 512’. இப்படிப் பெயர் வைத்தால் ஒரு நன்மை உண்டு. புதிதாகச் சேர்ந்த பையன்கூட ‘பென்டிரைவுக்கு எது?’ என்று கேட்காமல் எடுத்துவிடுவான்.

எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் எக்ஸ்போர்ட் பக்கத்தில் எல்லாவற்றையும் அமைத்த பிறகு ப்ரீசெட் வரிக்கு அருகிலுள்ள மூன்று புள்ளியில் சேமிக்கும் வசதி இருக்கிறது. அங்கே சேமித்தது அதன் துணை மென்பொருளான மீடியா என்கோடரிலும் தெரியும். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் டெலிவர் பக்கத்தின் இடப்பக்கத்தில், ரெண்டர் செட்டிங்ஸின் மேல் மூலையில் அதே மூன்று புள்ளி. இதுவரை சுலபம்.

கவனிக்க வேண்டியது, பிரீமியரில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இருக்கும் ‘மேட்ச் சோர்ஸ்’ டிக். அது இருக்கும்வரை அந்த அளவை ப்ரீசெட் முடிவு செய்வதில்லை, டைம்லைன் (கிளிப்புகளை அடுக்கும் தளம், பிரீமியரில் அதன் பெயர் சீக்வென்ஸ்) முடிவு செய்கிறது. ட்ரோன் கிளிப்பை முதலில் இழுத்துப் போட்டு சீக்வென்ஸ் உருவாக்கியிருந்தால் அது நொடிக்கு 29.97 ஃப்ரேமில் பிறந்திருக்கும், டிக் இருக்கும் ப்ரீசெட் அதை அப்படியே வெளியே அனுப்பும். சேருமிடத்துக்கான ப்ரீசெட்டுகளில் அளவு, ஃப்ரேம் ரேட், ஆஸ்பெக்ட், ஃபீல்டு நான்கிலும் டிக்கை எடுத்துவிட்டு எண்ணை நேரடியாக வையுங்கள். மற்ற கோப்புகளுக்கு மூலமாகும் மாஸ்டருக்கான ப்ரீசெட் ஒன்றில் மட்டும் டிக் இருக்கட்டும்.

அதற்காக 30-இல் எடிட் செய்ததை 25 ப்ரீசெட்டில் தள்ளினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு ஐந்து ஃப்ரேம் விழுந்துபோகும். மணப்பெண் நடந்துவரும் காட்சி நொண்டும். ஃப்ரேம் ரேட் முடிவு கேமராவை ஆன் செய்யும்போதே எடுக்க வேண்டியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்றால் அது தெரியாது. 30 ஃப்ரேம், 1/60 என்றால் மண்டபம் முழுக்க மெல்லிய அலை ஓடும். புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர்கள் அதிகம். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ், டிவிடி காலத்திலும் பால் (PAL) எனும் 25 ஃப்ரேம் முறைதான் என்பதால் இந்த 25 அவர்களுக்கு எந்தக் காலத்திலும் தொல்லை தந்ததில்லை. அமெரிக்காவுக்கு அனுப்புவோருக்குத்தான் ஒரு காலத்தில் என்டிஎஸ்சி எனும் ஏறக்குறைய 30 ஃப்ரேம் முறையில் டிவிடி தனியாக எரிக்க வேண்டியிருந்தது.

பென்டிரைவ்: எல்லாரும் அலட்சியமாக விடுவது

யூடியூபுக்கான எண்களை அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. வீட்டு டிவிக்கு அப்படி ஒன்றும் இல்லை. புகார்களில் பெரும்பகுதி வருவதும் இங்கேதான்: ‘படம் ஓடுது, சத்தம் வரல’, ‘பாதியில நின்னுடுது’, ‘ஃபைலே காட்டல’.

சத்தம் வராததற்கு வழக்கமான காரணம் ஆடியோ கோடெக், அதாவது ஒலியைப் பதியும் முறை. எம்ஓவி கோப்பில் சுருக்காத பிசிஎம் ஒலி வைத்து அனுப்பினால் கம்ப்யூட்டர் பாடும், டிவி மௌனமாகிவிடும். பென்டிரைவ் ப்ரீசெட்டில் எம்பி4, ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 320 கேபிபிஎஸ் என்று பூட்டிவிடுங்கள்.

கோப்பு திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும், திறக்கும் கருவிக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று சொல்லும் ப்ரொஃபைலும் லெவலும். இப்போதைய கேமராக்கள் 10 பிட் 4:2:2-இல், அதாவது அதிக நிற விவரத்தோடு, பதிவு செய்கின்றன. அதையே ஹெச்.264 என்ற சுருக்கும் முறையில் 10 பிட்டாக வெளியேற்றினால் டிவியில் இருக்கும் சிப் கைவிரித்துவிடும். 8 பிட் 4:2:0, ‘ஹை’ ப்ரொஃபைல், லெவல் 4.1 என்று வையுங்கள். 1080-இல் நொடிக்கு 30 ஃப்ரேம் வரை 4.1 தாங்கும், 50 ஃப்ரேம் என்றால் 4.2 வேண்டும், பழைய டிவிகளில் சில அதை ஏற்காது. லெவலை 5.1-இல் விட்டுவிட்டால், உள்ளே இருப்பது சாதாரண 1080 படமே ஆனாலும் கோப்பின் தலைப்பைப் பார்த்தே டிவி மறுத்துவிடலாம்.

அடுத்தது கீ ஃப்ரேம் (முழுப் படமாகப் பதியும் ஃப்ரேம்) இடைவெளி. பலர் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் கல்யாண வீடியோவை யாரும் முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பதில்லை. பெரியம்மா தன் முகம் வரும் இடத்துக்கு ரிமோட்டில் ஓட்டுவார். இடைவெளி 50 ஃப்ரேம், அதாவது இரண்டு நொடி என்று வைத்தால் ஓட்டி நிறுத்தும் இடம் உடனே கிடைக்கும். பெரிதாக விட்டால் டிவி திணறித் தாண்டிப் போய் நிற்கும்.

இனி கோப்பின் அளவு. 32 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில்தான் விற்பனைக்கு வருகின்றன. அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சரியாகச் சொன்னால் 4,294,967,295 பைட். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட்டில் வரும். பழைய டிவிகள் பலவற்றுக்கு அது தெரியாது. எல்லா டிவியும் படிப்பது ஃபேட்32 மட்டுமே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பாதுகாப்பு.

கோப்பின் அளவு பிட்ரேட்டைப் பொறுத்தது, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்பதை. மனக்கணக்குக்கு ஒரு சூத்திரம் போதும்: எம்பிபிஎஸ் × நிமிடம் × 7.5 = எம்பி. படம் 10 எம்பிபிஎஸ், ஒலி 0.32, சேர்த்து 10.32. 45 நிமிடத்துக்கு 10.32 × 45 × 7.5, அதாவது ஏறக்குறைய 3,483 எம்பி. 4 ஜிபிக்குள் அடங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். 55 நிமிடம் என்றால் 4,257 எம்பி. காகிதத்தில் அடங்குகிறது, ஆனால் விபிஆர் (காட்சிக்கேற்ப ஏறி இறங்கும் பிட்ரேட்) சராசரி சற்று மேலே போனால் காப்பி 99 சதவீதத்தில் நின்றுவிடும். மூன்று மணி நேர வீடியோவை 45 நிமிடமாக நான்கு கோப்பு என்று வைத்தால் மொத்தம் கிட்டத்தட்ட 14 ஜிபி. 16 ஜிபி பென்டிரைவே போதும்.

நான்காகப் பிரிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. எம்பி4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ரெண்டர் முடியும் தறுவாயில்தான் எழுதப்படுகிறது. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு கரண்ட் போனால், ஹார்ட் டிஸ்கில் பல ஜிபி இருக்கும், ஆனால் அது எதிலும் திறக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கடற்கரை ஊர்களில் கரண்ட் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரிலும் புதுச்சேரியிலும் என்ன செய்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யூபிஎஸ் பத்து இருபது நிமிடம்தான் தாங்கும். நலங்கு, வரவேற்பு, முகூர்த்தம், மறுவீடு என்று நான்கு துண்டாக வரிசையில் போட்டுவிட்டால், போனால் ஒரு துண்டோடு போகும். மாமா பெயர் டைட்டிலில் தப்பாக வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தாலும் அந்த ஒரு துண்டை மட்டும் ரெண்டர் போட்டால் தீர்ந்தது.

யூடியூபுக்கு நான்கையும் ஒட்டி ஒரே கோப்பாகக் கொடுக்க வேண்டுமானால், மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே கோத்துவிடும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. நிபந்தனை ஒன்றுதான்: நான்கும் அச்சு அசலாக ஒரே செட்டிங்கில் வந்திருக்க வேண்டும். ப்ரீசெட் இல்லாமல் கையால் அடித்தவர்கள் மாட்டுவது இங்கே; ஒரு துண்டில் மட்டும் ஒலி 44.1 என்று போயிருந்தாலே கோத்த கோப்பில் சத்தம் கெடும் அல்லது நின்றுவிடும். ஏஏசி ஒலியில் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் மிகச் சிறிய வெற்றிடம் இருக்கும் என்பதால், ஒட்டும் இடம் பாட்டின் நடுவே விழாமல் படம் கறுத்து ஒலி அடங்கும் இடமாக இருக்கட்டும்.

எதை வைத்துச் சோதிப்பது

ப்ரீசெட் தயாரானதும் டைட்டிலையோ மேடையில் வரிசையாக நிற்கும் உறவினர்களையோ ரெண்டர் போட்டுப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று முடிவெடுப்பதுதான் பெரிய ஏமாற்று. அசையாத காட்சி 4 எம்பிபிஎஸ்ஸிலும் நன்றாக இருக்கும்.

வீடியோவைச் சுருக்கும் என்கோடர் வேலை செய்யும் விதம் இது: முந்தைய ஃப்ரேமில் இருந்த துண்டு இப்போது எங்கே நகர்ந்தது என்று தேடி, நகர்வை மட்டும் குறித்துக்கொள்ளும். மாப்பிள்ளை கை நகர்ந்தால் கண்டுபிடித்துவிடும். ஆனால் தாலி கட்டும் நொடியில் நூறு கைகளிலிருந்து மஞ்சள் அரிசியும் பூவிதழும் ஒவ்வொன்றும் தன் போக்கில் பறக்கின்றன. எதற்கும் முந்தைய ஃப்ரேமில் ஜோடி இல்லை. அதே நொடியில் போட்டோகிராபர்களின் ஃப்ளாஷ் அடிக்கிறது. ஒரு ஃப்ரேம் முழுவதும் வெளுத்து அடுத்ததில் பழையபடி இருட்டாகிறது. என்கோடரின் ஊகம் மொத்தமும் பொய்த்துப்போகிறது. ஒதுக்கிய பிட்கள் போதாமல், அந்தப் பத்து நொடியில் மணமகளின் கன்னம் கட்டம் கட்டமாக உடைகிறது. மூன்று மணி நேர வீடியோவில் குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகும் பத்து நொடியும் அதுதான்.

இதற்காக மொத்த வீடியோவின் பிட்ரேட்டையும் ஏற்றினால் பென்டிரைவ் கணக்கு உதைக்கும். விபிஆர் வைத்து டார்கெட் 10, மேக்ஸிமம் 20 என்று கொடுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் மிச்சம் பிடித்ததை அட்சதையில் செலவழிக்கும். டார்கெட்டும் மேக்ஸிமமும் ஒரே எண்ணாக இருந்தால் விபிஆர் என்ற பெயர் மட்டும்தான். இரண்டு பாஸ் வைத்தால் முதல் ஓட்டத்திலேயே கடினமான இடங்களைக் குறித்துக்கொண்டு இன்னும் நன்றாகப் பங்கிடும். ஆனால் பிரீமியரில் இரண்டு பாஸ் என்றால் கிராபிக்ஸ் கார்டின் ஹார்டுவேர் என்கோடிங் கிடையாது, சாஃப்ட்வேர்தான். நேரம் பல மடங்கு ஆகும். ஐந்து நிமிட ஹைலைட்ஸுக்கு இரண்டு பாஸ், முழு வீடியோவுக்கு ஹார்டுவேரில் ஒரு பாஸ், பதிலுக்கு 2 எம்பிபிஎஸ் கூடுதல் என்பது நியாயமான பேரம். அப்படி 12 ஆக்கினாலும் 45 நிமிடத்துக்கு 4,158 எம்பிதான் வரும். விளிம்பு என்பதால் துண்டை 40 நிமிடமாக்கிக்கொள்ளலாம்.

ஆகவே ஒரு சோதனை டைம்லைனை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், 40 நொடி போதும். அட்சதை விழும் பத்து நொடி. வெள்ளிக் கடற்கரையிலோ பாண்டி ராக் பீச்சிலோ எடுத்த அலை நுரை பத்து நொடி; நுரையும் மணலும் அட்சதையைப் போலவே பிட் தின்னி. அரக்குச் சிவப்புப் பட்டும் ஜரிகையும் அருகில் தெரியும் பத்து நொடி. 4:2:0-இல் நிறத்தின் நுணுக்கம் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால் சிவப்பின் ஓரம் கசிவது இதில்தான் முதலில் தெரியும். கடைசிப் பத்து நொடி இருட்டு மேடையில் ஸ்மோக். கறுப்பு சாம்பலாகிறதா, படிப்படியாகக் கோடு விழுகிறதா என்று பார்க்க. கறுப்பு வெளுத்திருந்தால் பிட்ரேட்டைக் குறை சொல்லாதீர்கள், கறுப்பு, வெள்ளையின் எல்லையைக் குறிக்கும் டேட்டா லெவலைப் பாருங்கள்; ரிசால்வில் அது தவறாக மாறியிருக்கலாம். ‘ஆட்டோ’வில் விடுவதே நல்லது.

எந்த ப்ரீசெட்டையும் இந்த 40 நொடியை ஓட்டி, எடிட்டிங் மானிட்டரில் அல்ல, அது போய்ச் சேரும் இடத்தில் பாருங்கள். டிவி ப்ரீசெட் என்றால் பழைய டிவி ஒன்றில்.

ஒலிக்கும் இதே இடம்தான் சோதனை. மந்திரம் முணுமுணுப்பாகப் போய்க்கொண்டிருக்கும்போது ‘கெட்டிமேளம்’ என்ற குரல்; தவிலும் நாகசுரமும் உச்சத்துக்கு ஏறும். எக்ஸ்போர்ட்டின் எஃபெக்ட்ஸ் பகுதியில் உள்ள லவுட்னெஸ் நார்மலைசேஷனை (மொத்த ஒலியளவைச் சமன்செய்யும் வசதி) −14 எல்யூஎஃப்எஸ் (சராசரி ஒலியளவின் அலகு), ட்ரூ பீக் (உச்ச ஒலி) −1 என்று ப்ரீசெட்டிலேயே வைக்கலாம். ஆனால் அது தராசுதான்; மந்திரத்துக்கும் தவிலுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்காது. அந்த வேலையை டைம்லைனில் உச்சத்தை அடக்கும் லிமிட்டர் வைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். யூடியூப் −14-ஐவிடச் சத்தமானதைக் குறைக்கும், மெலிதானதை ஏற்றிவிடாது.

மாஸ்டர், எல்இடி, மற்றவை

எல்லா வடிவத்தையும் டைம்லைனிலிருந்தே ஐந்து முறை ரெண்டர் போடுவது வீண். ஒருமுறை மாஸ்டர், அதிலிருந்து மற்றவை. பாடப்புத்தகம் ப்ரோரெஸ் (தரம் குறையாதபடி குறைவாகச் சுருக்கும் வடிவம்) என்று சொல்லும். 1080, 25 ஃப்ரேமில் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ 184 எம்பிபிஎஸ், 422 என்றால் 122, எல்டி 85. ஐந்து நிமிட ஹைலைட்ஸுக்கு ஹெச்க்யூ 6.9 ஜிபி, தாராளமாக வைக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு வெறும் 422 என்றாலே 165 ஜிபி. சீசனில் நாற்பது கல்யாணம் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு இது கட்டுப்படியாகாது. முழு வீடியோவின் மாஸ்டரை ஹெச்.264 50 எம்பிபிஎஸ்ஸில் வைத்தால் 67.5 ஜிபி. அதிலிருந்து 10-க்கு இறக்கும்போது கண்ணுக்குத் தெரியும் இழப்பு இருக்காது. சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஹார்ட் டிஸ்க் விலையைக் கொடுப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

எல்இடி திரைக்கு 1920 × 1080 என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவது வழக்கம். திரை அந்த அளவில் இருப்பதே அபூர்வம். வாடகைக்கு வரும் பி3.91 (பிக்சல் இடைவெளி 3.91 மில்லிமீட்டர்) பேனல் ஒன்று அரை மீட்டர் சதுரம், 128 × 128 பிக்சல். அகலத்தில் எட்டு, உயரத்தில் நான்கு அடுக்கினால் 4 மீட்டருக்கு 2 மீட்டர். பிக்சலில் 1024 × 512. பி3 பேனல் என்றால் 576 மில்லிமீட்டர், 192 × 192. ஐந்துக்கு மூன்று அடுக்கினால் 960 × 576. எல்இடி ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு: ‘மொத்தம் எத்தனை பிக்சல்?’, ‘ப்ராசசர் சிக்னலை ஸ்கேல் பண்ணுதா, பிக்சலுக்குப் பிக்சல் எடுக்குதா?’ ஸ்கேல் செய்தால் திரையின் விகிதத்தில் ஒரு ப்ரீசெட். பிக்சலுக்குப் பிக்சல் என்றால் 1080 ஃப்ரேமின் இடது மேல் மூலையில் 1024 × 512 அளவுக்குள் படத்தை அடக்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை தலையும் மண்டபத்துத் தூணும்தான் திரையில் வரும். எழுத்து 40 பிக்சல் உயரத்துக்குக் குறைந்தால் ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும்.

ரீல்ஸுக்கு 1080 × 1920, 25 ஃப்ரேமை 25-ஆகவே அனுப்புங்கள். ப்ரீசெட் படுக்கை வசப் படத்தை நிமிர்த்தாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நிமிர்ந்த டைம்லைன் ஒன்றைத் தனியாகச் செய்து ஆளை நடுவில் கொண்டுவர வேண்டும். ஸ்கேலிங் ‘ஸ்ட்ரெச்’சில் இருந்தால் மணமக்கள் பொய்க்கால் கட்டியவர்களாக நிற்பார்கள். யூடியூபின் சொந்தப் பரிந்துரை 1080-க்கு 8 எம்பிபிஎஸ், 4கே என்றால் 35 முதல் 45; ஒலி 384 கேபிபிஎஸ். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் எதைக் கொடுத்தாலும் நசுக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை தொடாமல் போகும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் இரண்டு இடத்தில் இடறும். பிரீமியரின் கிராபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கெ’வில் கொம்பு இடம் மாறி நிற்கும், இதை எந்த எக்ஸ்போர்ட் ப்ரீசெட்டும் சரிசெய்யாது. அடுத்தது சப்டைட்டில். டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் தனி எஸ்ஆர்டி கோப்பு கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆகவே டிவி ப்ரீசெட்டில் சப்டைட்டில் படத்தோடு பதிந்து வரட்டும். யூடியூப் ப்ரீசெட்டில் தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 எஸ்ஆர்டி தனிக்கோப்பாக வரட்டும். கோப்புப் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே வைப்பது உத்தமம். தேதி, மணமக்கள் பெயர், சேருமிடம், பதிப்பு எண் என்ற வரிசையில் வைத்தால் பட்டியலில் தானாக அடுக்கி நிற்கும்.

தானாக ஓட விடுவது

மீடியா என்கோடரில் ‘வாட்ச் ஃபோல்டர்’ ஒன்றைச் சேர்த்து அதன்மேல் டிவி, யூடியூப் என்று ப்ரீசெட்டுகளை இழுத்துப் போட்டுவிட்டால், மாஸ்டரை அந்த ஃபோல்டரில் வைத்ததும் வேலை தொடங்கிவிடும். முடிந்ததும் மாஸ்டரை உள்ளேயே ‘சோர்ஸ்’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்திவிடும். காணோம் என்று பதற வேண்டாம். மாஸ்டரை வேறு டிரைவிலிருந்து நேரடியாக இதற்குள் காப்பி செய்யாமல், முதலில் அதே டிரைவில் வேறிடத்தில் காப்பி செய்து முடித்துவிட்டுப் பிறகு உள்ளே நகர்த்துங்கள். பாதி வந்த கோப்பை எடுத்து ஓட்டும் அபாயம் அப்போது இல்லை. பார்வைக்கு அனுப்பும் பிரதியில் லோகோ பதிக்கும் ப்ரீசெட் இருந்தால், லோகோ படம் எப்போதும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ப்ரீசெட் நினைவில் வைப்பது அந்தப் பாதையைத்தான்.

கடைசியாகப் பிரதி எடுப்பது. பிரீமியர் ப்ரீசெட்டுகள் இபிஆர் என்ற சிறு கோப்புகள். டாகுமென்ட்ஸுக்குள் அடோபி, மீடியா என்கோடர், பதிப்பு எண் என்ற வரிசையில் உள்ள ‘ப்ரீசெட்ஸ்’ ஃபோல்டரில் கிடக்கும். பதிப்புக்கு ஒரு ஃபோல்டர் என்பதால், மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் காலை பட்டியல் காலியாகத் தெரிந்தால் அவை அழியவில்லை, பழைய பதிப்பின் ஃபோல்டரிலேயே இருக்கின்றன, இம்போர்ட் செய்துகொள்ளலாம். ரிசால்விலும் ப்ரீசெட்டைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. இரண்டையும் 40 நொடி சோதனை டைம்லைனோடு ஒரே பென்டிரைவில் வையுங்கள். புதுப்பிப்பதைத் தை, வைகாசி, ஆவணி முகூர்த்த வாரங்களில் செய்யாதீர்கள். செய்துவிட்டால், அந்த 40 நொடியை மறுபடி ஓட்டிப் பழைய டிவியில் பார்த்த பிறகே முதல் பென்டிரைவ் வெளியே போகட்டும்.